எட்டியாஸ் இன்னும் திறக்கவில்லை, அம்மாவின் விசாவை முதலில் பாருங்கள்

கேள்வி: தம்பி, வருகிற தை மாதம், 2027 ஜனவரி கடைசியில், பரிஸில் என் தங்கச்சியின் மகனுக்குக் கலியாணம். ஸ்காபரோவிலிருந்து ஐந்து பேர் போகிறோம்: நான், கணவர், 16 வயது மகள், 76 வயது மாமா, 74 வயதான என் அம்மா. எங்களிடம் கனேடியக் கடவுச்சீட்டு. அம்மாவிடம் மட்டும் இலங்கைக் கடவுச்சீட்டும் கனடாவின் நிரந்தர வதிவிட (பி.ஆர்.) அட்டையும். லண்டனில் நான்கு நாள் நின்று, ரெயினில் பரிஸ் போய், பிறகு சுவிஸில் சித்தப்பா வீட்டுக்கும் போக எண்ணம். இனி எட்டியாஸ் இல்லாமல் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள் என்கிறார்கள். வட்ஸ்அப்பில் வந்த ஓர் இணையத்தளம் ஆளுக்கு 89 டொலர் கேட்கிறது. அந்தப் படிவத்தில் போரைப் பற்றியும் கேட்பார்களாம். என் கணவர் 1991 இல் ஜேர்மனியில் அகதி விண்ணப்பம் போட்டு மறுக்கப்பட்டு, தானாக வெளிக்கிட்டுக் கனடா வந்தவர். இதைக் கேட்டதிலிருந்து "நான் வரவில்லை, நீங்கள் போங்கள்" என்கிறார். கலியாணம் முடிந்து அவரும் மாமாவும் பரிஸில் நான்கு மாதம் நிற்க ஆசைப்பட்டவர்கள். என்ன செய்வது?
(ஒரு வாசகி, ஸ்காபரோ. கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள அக்கா,

அந்த இணையத்தளத்தை முதலில் மூடிவிடுங்கள். கடன் அட்டை எண்ணை இன்னும் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதை வாசித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இந்தப் பதிலை எழுதும் இன்று வரை எட்டியாஸ் விண்ணப்பம் யாருக்குமே திறக்கப்படவில்லை. திறக்காத கதவுக்கு முன்கூட்டியே சாவி விற்கிறார்கள். இப்படிப்பட்ட போலித் தளங்கள் நூற்றுக்கு மேல் இருப்பதாக ஐரோப்பிய எல்லைக் காவல் அமைப்பான ஃபுரொன்டெக்ஸே எச்சரித்திருக்கிறது. பணம் போவது ஒரு பக்கம். கடவுச்சீட்டுப் படமும் பிறந்த திகதியும் தாய் தகப்பன் பெயரும் யார் கையில் போய்ச் சேரும் என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

எட்டியாஸ் என்பது விசா அல்ல. விசா இல்லாமல் ஐரோப்பாவுக்குப் போகக்கூடிய 59 நாடுகள், ஆட்சிப்பகுதிகளின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், புறப்படுவதற்கு முன் இணையத்தில் எடுக்க வேண்டிய பயண அனுமதி. கனடா, பிரிட்டன், அமெரிக்கா, அவுஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இலங்கையும் இந்தியாவும் இல்லை. தங்களுக்கிடையே எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகள் 29, அவற்றோடு சைப்ரஸ், ஆக 30 நாடுகளுக்கு ஒரே அனுமதி. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருப்பதால் சித்தப்பா வீட்டுக்கு வேறாக எதுவும் தேவையில்லை. அயர்லாந்து இதில் சேராது.

இதற்கான சட்டம் 2018 செப்டெம்பரில் வந்தது. 2021 இல் தொடங்கும் என்றார்கள், பிறகு வருடத்துக்கு வருடம் தள்ளிப்போனது. இப்போது 2026 இன் கடைசிக் காலாண்டு, அதாவது ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் என்று அறிவித்திருக்கிறார்கள். சரியான நாளைப் பல மாதங்களுக்கு முன்பே சொல்லுவோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். கட்டணம் முதலில் 7 யூரோ என்று இருந்தது, தொடங்குவதற்கு முன்பே 20 யூரோ ஆக்கிவிட்டார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் அவர்களும் விண்ணப்பிக்கத்தான் வேண்டும். ஆகவே மகளுக்கும் மாமாவுக்கும் காசு இல்லை, நீங்களும் கணவரும் மட்டும் ஆளுக்கு 20 யூரோ. நால்வருக்கும் மொத்தம் 40 யூரோ. அந்தத் தளம் உங்கள் ஐந்து பேரிடம் 445 டொலர் வாங்கியிருக்கும், அதிலும் எட்டியாஸே தேவைப்படாத அம்மாவுக்கும் சேர்த்து.

தங்கச்சி பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், அதனால் உங்களுக்குச் சலுகை உண்டா என்றும் சிலர் கேட்கலாம். ஐரோப்பியக் குடிமக்களின் குடும்பத்தாருக்குக் கட்டண விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அங்கே குடும்பம் என்றால் கணவன் மனைவி, பிள்ளைகள், அவர்களில் தங்கியிருக்கும் பெற்றோர். உடன்பிறப்பு அந்தக் கணக்கில் வராது.

உங்கள் கலியாணத் திகதியைப் பாருங்கள். எட்டியாஸ் சொன்னபடி தொடங்கினாலும் முதல் ஆறு மாதமாவது மாறுதல் காலம். அந்தக் காலத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுவார்கள், ஆனால் எட்டியாஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் திருப்பி அனுப்பமாட்டார்கள். மற்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால் போதும். அதற்குப் பிறகும் குறைந்தது ஆறு மாதம் சலுகைக் காலம் உண்டு, அது மாறுதல் காலம் முடிந்தபின் முதல் தடவையாக வருகிறவர்களுக்கு மட்டும். 2027 ஜனவரி அந்த மாறுதல் காலத்துக்குள் விழும். ஆகவே, "எட்டியாஸ் இல்லாமல் கலியாணத்துக்குப் போக முடியாமல் போய்விடுமோ" என்று நித்திரை கெட வேண்டாம். திறந்தவுடன் விண்ணப்பித்துவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. பெரும்பாலான விண்ணப்பங்களுக்குச் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும் என்கிறார்கள். மனிதர் பார்க்க வேண்டியிருந்தால் நான்கு நாள், மேலதிக ஆவணம் கேட்டால் பதினான்கு நாள், நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் முப்பது நாள் வரை போகலாம். அதிகாரபூர்வத் தளம் ஒன்றே ஒன்றுதான்: யூரோப்பா டொட் ஈயூ என்ற முகவரிக்குள் இருக்கும் எட்டியாஸ் பக்கம். முகவரியில் வேறு எந்த முடிவு இருந்தாலும் அது அவர்களுடையது அல்ல.

இப்போது உங்கள் கணவர். இந்தப் பகுதியை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

அண்ணா, படிவத்தில் போரைப் பற்றிய கேள்வி இருப்பது உண்மை. ஆனால் அது கேட்பது கடந்த பத்து ஆண்டுகளுக்குள் ஏதாவது போர்ப் பகுதியில் தங்கியிருந்தீர்களா, தங்கியிருந்தால் ஏன் என்பதைத்தான். எங்கள் போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. நீங்கள் அதற்கு எத்தனையோ வருடம் முன்பே வெளிக்கிட்டவர். பங்கருக்குள் இருந்த இரவுகளை எந்த அலுவலருக்கும் இந்தப் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. அதற்குப் பிறகு நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் வந்ததும் போர்ப் பகுதியில் தங்கியதாக ஆகாது.

ஜேர்மனி விஷயமும் அப்படித்தான். ஒரு நாட்டை விட்டு வெளியேறச் சொல்லி உங்கள் மேல் முடிவு எடுக்கப்பட்டதா என்று படிவம் கேட்கும், அதற்கும் பத்து ஆண்டுதான் எல்லை. 1991 அதற்கு வெகு தூரம். அகதி விண்ணப்பக்காரர்களின் கைரேகைகளை வைத்திருக்கும் யூரோடாக் என்ற முறைமையே 2003 இல்தான் இயங்கத் தொடங்கியது. நீங்கள் கனேடியக் குடிமகனாக இரண்டு தடவை பரிஸ் போய் வந்தவர் என்று அக்கா இன்னோர் இடத்தில் எழுதியிருந்தார். அந்த இரண்டு தடவையும் எல்லை அலுவலர் உங்கள் கடவுச்சீட்டை ஷெங்கன் தகவல் முறைமையில் போட்டுப் பார்த்துத்தான் உள்ளே விட்டிருப்பார். உங்கள் பெயரில் அங்கே தடை ஏதும் இருந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

குற்றத் தீர்ப்புகள் பற்றியும் கேட்பார்கள். சட்டத்தின் பின்னிணைப்பில் பட்டியலிட்ட கடுமையான குற்றங்கள், அதுவும் பதினைந்து ஆண்டுக்குள், பயங்கரவாதக் குற்றமானால் இருபத்தைந்து ஆண்டுக்குள். கேட்டதற்குக் கேட்ட அளவில் உண்மையைச் சொல்லுங்கள். பொய் சொல்லி எடுத்த அனுமதியைப் பின்னால் ரத்துச் செய்யலாம். கேட்காததைப் பயத்தில் தானாக எழுதி நீட்டவும் வேண்டாம். எங்கள் ஆட்களில் பலர், படிவம் என்று கண்டாலே அகதி விசாரணை மேசைக்கு முன்னால் மறுபடியும் இருப்பதுபோல் நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். முப்பது வருடம் வரி கட்டி வாழும் நாட்டின் குடிமகனாக இந்தப் படிவத்தை நிரப்பப் போகிறீர்கள். ஒருவேளை மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மறுத்த நாட்டில் மேன்முறையீடு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. பெறாமகனின் கலியாணத்துக்குப் போங்கள், அண்ணா.

நான்கு மாதம் என்ற ஆசையில்தான் எனக்கு உடன்பாடில்லை. எட்டியாஸ் மூன்று ஆண்டுக்குச் செல்லும், ஆனால் அது மூன்று ஆண்டு தங்கலாம் என்ற பொருளில் அல்ல. எந்த 180 நாளை எடுத்துப் பார்த்தாலும் ஷெங்கனுக்குள் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே போன நாளும் வெளியே வந்த நாளும் கணக்கில் சேரும். பரிஸில் நின்றதும் சுவிஸில் நின்றதும் ஒரே கணக்கு. ஜனவரி 16 இல் பரிஸில் இறங்கினால் ஏப்ரல் 15 தொண்ணூறாவது நாள், அன்றைக்குள் வெளியேற வேண்டும். லண்டனில் நிற்கும் நான்கு நாள் இதில் வராது. 90 நாள் முடிந்ததும் லண்டனுக்கு ஒருக்கா போய்த் திரும்பி வந்தால் கணக்குப் புதிதாகத் தொடங்கும் என்று சொல்லுகிறவர்களை நம்பாதீர்கள், அப்படி இல்லை.

முன்பு முத்திரை பார்த்து விரல்விட்டு எண்ணிய காலம் ஒன்று இருந்தது, மங்கலான முத்திரையில் ஒன்றிரண்டு நாள் கவனிக்கப்படாமலும் போனது. இப்போது கணினிதான் எண்ணுகிறது. நுழைவு வெளியேற்ற முறைமை என்று ஒன்றை 2025 ஒக்டோபர் 12 இல் தொடங்கி, 2026 ஏப்ரல் 10க்குள் எல்லா எல்லைகளிலும் முழுமையாகக் கொண்டுவருவது என்று திட்டமிட்டார்கள். முதல் தடவை போகும்போது முகத்தைப் படம் எடுத்து நான்கு விரல் ரேகை பதிவார்கள். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் ரேகை எடுப்பதில்லை, உங்கள் மகளிடம் எடுப்பார்கள். அதற்குக் கட்டணமும் இல்லை, முன்கூட்டிய விண்ணப்பமும் இல்லை. பலர் இதையும் எட்டியாஸையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், இரண்டும் வேறு. நீங்கள் ரெயினில் போவதால் பிரெஞ்சு எல்லைச் சோதனை லண்டன் சென் பாங்கிராஸ் நிலையத்திலேயே நடந்துவிடும். மாமாவோடு போகிறீர்கள், நிலையத்துக்கு நன்றாக முந்திப் போங்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நிற்கத்தான் வேண்டும் என்றால் பிரான்சின் நீண்டகால விசாவுக்குக் கனடாவிலிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். ஒரு கலியாணத்துக்கு அது தேவையில்லாத சுமை என்று நினைக்கிறேன்.

லண்டனுக்கு வேறு அனுமதி வேண்டும், இது பலருக்குத் தெரியாது. கனேடியக் கடவுச்சீட்டுக்காரருக்கு 2025 ஜனவரி 8 முதல் பிரிட்டனின் ஈ.ரி.ஏ. என்ற மின் பயண அனுமதி கட்டாயம். எட்டியாஸ்போல வயது பார்த்துக் கட்டணம் விடுவதில்லை, மகளுக்கும் மாமாவுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். முதலில் 10 பவுண்டாக இருந்தது, 2025 ஏப்ரலில் 16 ஆக்கினார்கள். விண்ணப்பிக்கும் அன்றைக்கு உள்ள தொகையைப் பிரிட்டிஷ் அரசின் தளத்தில் பாருங்கள். இரண்டு ஆண்டுக்குச் செல்லும். உங்கள் பயணத்தில் உண்மையில் கையில் இருந்தே ஆக வேண்டிய மின் அனுமதி இதுதான். தங்கச்சி குடும்பம் லண்டனுக்கு உங்களைப் பார்க்க வருவதாக இருந்தால் பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக்கும் அதே ஈ.ரி.ஏ. வேண்டும்.

இனி அம்மா. உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒன்றிரண்டு வரிதான் இருந்தது. ஆனால் ஐந்து பேரில் உண்மையான வேலை அவருக்குத்தான் இருக்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு எட்டியாஸ் கிடையாது, ஷெங்கன் விசா வேண்டும். கனடா பி.ஆர். அட்டை விசாவிலிருந்து விலக்குத் தராது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறைந்து விடக் கூடாது. கூடுதலான நாட்கள் பிரான்சில் நிற்பதால் பிரான்சுக்குத்தான் விண்ணப்பம். கட்டணம் 90 யூரோ, முதியவர்களுக்குக் கழிவு இல்லை. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்கும் பயணக் காப்புறுதி வேண்டும். வழமையாகப் பதினைந்து நாளில் முடிவு வரும், நாற்பத்தைந்து நாள் வரை இழுபடவும் கூடும். தை மாதத்துக்கு முதல் நத்தார் விடுமுறை இருக்கிறது, அந்த நேரம் எல்லோரும் விசாவுக்கு நெருக்குவார்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் கொடுத்துவிடுங்கள்.

தங்கச்சியிடம் இன்றைக்கே கதையுங்கள். அவர் வசிக்கும் இடத்து மெரிக்கு, அதாவது நகரசபைக்குப் போய், அம்மா தன் வீட்டில் தங்குவார் என்ற உறுதிப் பத்திரத்தை (அத்தெஸ்தாசியோன் தக்கேய்) எடுக்க வேண்டும். 30 யூரோ முத்திரைக் கட்டணம், வீட்டு ஒப்பந்தம், சம்பளப் பத்திரம் எல்லாம் கேட்பார்கள். சில மெரிகளில் அதற்கு நாள் எடுப்பதற்கே வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அம்மாவின் விசா பிந்துவதென்றால் பெரும்பாலும் இந்தத் தாளுக்காகத்தான் பிந்தும்.

அம்மாவை லண்டன் வழியாகக் கூட்டிப்போக வேண்டாம் என்றும் சொல்லுவேன். அதற்குப் பிரிட்டன் விசா தனியாக வேண்டும், மறுபடி விண்ணப்பம், மறுபடி கைரேகை, மறுபடி கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருத்தல். 74 வயதில் நான்கு நாளுக்காக அவரை இரண்டு வரிசையில் நிறுத்தாதீர்கள். ரொறன்ரோவிலிருந்து பரிஸுக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன, நீங்களோ மகளோ அவரோடு நேராகப் பறந்தால் போதும். அம்மாவின் பி.ஆர். அட்டை எப்போது முடிகிறது என்பதையும் இன்றே எடுத்துப் பாருங்கள். திரும்பி வரும்போது செல்லுபடியான அட்டை இல்லாமல் கனடா விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா பன்னிரண்டு வருடமாகக் கனடாவில் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் குடியுரிமைத் தேர்வும் இல்லை, மொழிச் சான்றும் இல்லை. கடந்த ஐந்து ஆண்டில் 1,095 நாள் இங்கே இருந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். இந்தக் கலியாணத்துக்குள் அது முடியாமல் போகலாம், ஆனால் அடுத்த பேரப்பிள்ளையின் கலியாணத்துக்கு அவரும் ஒரு எட்டியாஸோடு, அதுவும் கட்டணம் இல்லாமல், போய்வருவார். ஊரில் காணி பூமி இருந்து இலங்கைக் குடியுரிமையையும் வைத்திருக்க விரும்பினால், இரட்டைக் குடியுரிமைக்கு இலங்கையிடம் வேறாக விண்ணப்பிக்க வேண்டும்.

கலியாணத்துக்கு மற்ற இடங்களிலிருந்து வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். லண்டன்காரர் பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு வந்தால் அவர்களுக்கும் எட்டியாஸ். கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்களுக்கு விசா. சுவிஸ் வதிவிட அட்டை வைத்திருக்கும் சித்தி இலங்கைக் கடவுச்சீட்டோடு வந்தாலும் அட்டையும் கடவுச்சீட்டும் போதும்.

படிவம் திறந்த பிறகு ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். எட்டியாஸ் ஆளோடு ஒட்டியிருப்பதில்லை, கடவுச்சீட்டு எண்ணோடு ஒட்டியிருக்கும். மூன்று ஆண்டுக்கு முன் கடவுச்சீட்டு முடிந்தால் அனுமதியும் அதோடு முடியும். சில வருடம் முன்பு ஒருவர் சிட்னியில் அண்ணனின் செத்தவீட்டுக்குப் போக என்னிடம் டிக்கெட் எடுத்தார். அவுஸ்திரேலிய மின் அனுமதி ஏற்கெனவே இருக்கிறது என்றார், நானும் சரி என்று விட்டுவிட்டேன். இடையில் அவர் கடவுச்சீட்டைப் புதுப்பித்திருந்தார், அனுமதி பழைய எண்ணில் கிடந்தது. விமான நிலையத்தில் ஏற்றவில்லை. புது அனுமதி எடுத்து அடுத்த விமானத்தில் போய்ச் சேர்ந்தபோது தகனம் முடிந்துவிட்டது. நான் அன்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு கடவுச்சீட்டைக் கையில் வாங்கிப் பார்க்காமல் நான் யாருக்கும் டிக்கெட் போடுவதில்லை.

பெயரையும் கவனியுங்கள். எங்கள் பெயர்களில் எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்று நாங்களே வீட்டுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம். தகப்பன் பெயர் ஒருவருக்குக் குடும்பப் பெயராக இருக்கும், இன்னொருவருக்கு முன்னால் வரும். கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதல்லவா, அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதுங்கள். பெற்றோரின் முதற்பெயரைத் தனியாகக் கேட்பார்கள். குடும்பப் பெயரில் தகப்பன் பெயர் ஏற்கெனவே வந்துவிட்டதே என்று அதை விட்டுவிட வேண்டாம்.

கணவரின் கடவுச்சீட்டு 2027 ஜூனில் முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் அது செல்ல வேண்டும். ஏப்ரல் 15 வரை நின்றால் ஜூலை 15 வரை தேவை, ஆகவே இந்தக் கடவுச்சீட்டில் அவர் அவ்வளவு நாள் நிற்க முடியாது. இப்போதே புதுப்பிக்கக் கொடுங்கள். புதியது கைக்கு வந்த பிறகு அந்த எண்ணில் லண்டனுக்கு ஈ.ரி.ஏ., பிறகு திறக்கும்போது எட்டியாஸ். உங்கள் நால்வருக்கும் டிக்கெட் எடுப்பதைப் பிந்த விட வேண்டாம். அம்மாவுக்கு மட்டும், விசா வரும் வரை காசு திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டாக எடுங்கள்.